கடைசிச் சொல்லை விட்டு வாசித்தல்

கோணேஸ்வரிக்கு இந்த வயதில் 'கூர்ப்பு', அதாவது பரிணாமம், என்றால் என்னவென்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்துவிட்டது. ஒளித்தொகுப்பு தெரியும், வலசை தெரியும், சுவரில் ஓடும் பல்லியை 'இரவாடி' என்று சொல்லவும் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அறுபதை நெருங்கும்போது இதையெல்லாம் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. புருசனுக்குப் பேச்சு வரவேண்டும், அதற்காகத்தான்.

கதிரவேல் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் என்ஜின் பார்த்தவர். வேலை முடிந்து வந்தால் கதிரையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, இயற்கை, விஞ்ஞானம் என்று வரும் தமிழ்ச் சஞ்சிகையை விரிப்பார். அதோடு வீடு, பெண்டாட்டி, அடுப்பில் கொதிக்கிற குழம்பு எல்லாம் மறந்துபோகும். "கடலுக்க கிடக்கிற புழுவைப் பற்றிப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறீங்கள்?" என்று அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவார். ஓய்வு பெற்ற மறு வருஷம் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் மெல்ல மெல்லக் கொஞ்சம் அசையத் தொடங்கின. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் அப்ரா, கிண்ணியாப் பிள்ளை, பொறுமைசாலி. படங்களைக் காட்டி, கோப்பை, சீப்பு, பூட்டுத் திறப்பு என்று சொல்லிப் பார்க்கச் சொல்வாள். கடைசியில் ஒவ்வொரு முறையும் கோணேஸ்வரியைக் காட்டி, "இவங்கட பேரென்ன?" என்பாள். கதிரவேல் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். வாய் அசையும், ஒன்றும் வராது.

"அவருக்கு விருப்பமானத வாசிச்சுக் காட்டுங்கம்மா," என்றாள் அப்ரா. "வசனத்தில கடைசிச் சொல்ல மட்டும் சொல்லாம நிப்பாட்டுங்க. அவரே எடுத்துச் சொல்லப் பார்ப்பார்."

அப்படித்தான் அலுமாரிக்குள் கிடந்த சஞ்சிகைகள் வெளியே வந்தன. மத்தியானம் சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிப்பாள். "கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை..." என்று நிறுத்துவாள். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் பொறுத்து, "நீட்டுகின்றன" என்று தானே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். விளங்காத சொல்லைக் கந்தளாயில் இருக்கும் மகள் லோஜனாவிடம் போனில் கேட்பாள். அவர் வாயில் ஏறவேண்டிய சொற்கள் எல்லாம் இவள் வாயில் ஏறிக்கொண்டன. ஒருநாள் மீன்காரனிடம், "சுறாவுக்கு எலும்பில்லத் தம்பி, அது குருத்தெலும்பு," என்றாள். "என்ன எலும்பெண்டாலும் இருக்கட்டும் அக்கா, வெட்டவோ வேண்டாமோ?" என்றான் அவன்.

'உறங்குநிலை' என்ற சொல்லை மட்டும் அவள் இரண்டு தரம் வாசித்தாள். சில விதைகள் மண்ணுக்குள் சாகாமலும் முளைக்காமலும் கிடக்குமாம், காலம் வந்தால்தான் முளைக்குமாம். "உங்கட கதையும் உப்பிடித்தானோ?" என்று அவரைக் கேட்டாள். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. குளிக்க வார்ப்பதும், ஊட்டுவதும், உடுப்புத் தோய்ப்பதுமே ஓர் ஆளை விழுத்தப் போதும். அதற்கு மேல் தொண்டை வறள வாசிப்பு வேறு. அவளுக்கு எல்லாமே அலுத்துவிட்டது. அலுக்காமல் இருந்தது ஓர் ஏக்கம் மட்டும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து கதிரவேல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. அவர்களுடைய சனத்தில் அதுதான் வழக்கம். கிணற்றடியிலிருந்தும் வாசல் படலையிலிருந்தும் "இஞ்சாரும்" என்பார், 'இங்கே பாரும்' என்பதுபோல. அவ்வளவுதான். அப்போதெல்லாம், "இந்த மனுசனுக்கு வேற வேலையில்லை," என்று சலித்துக்கொண்டு போவாள். இப்போது குசினியில் சட்டி கழுவும்போது சில நேரம் பைப்பைப் பூட்டிவிட்டுக் காது கொடுப்பாள். ஒருக்கால் அப்படிக் கூப்பிட்டால் போதும் அவளுக்கு. இதை அப்ராவிடம் சொல்ல வெட்கம். ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்கும்போது அவளும் சேர்ந்து அந்தப் பெயருக்கே காத்திருந்தாள். ஒருநாளும் சொல்லாத பெயர் இப்போது மட்டும் எப்படி வரும் என்று அப்ராவுக்கும் படவில்லை, அவளுக்கும் படவில்லை.

"அம்மா, நீங்களும் விழுந்திடுவீங்கள். உந்த வாசிப்ப விடுங்கோ," என்றாள் லோஜனா. கோணேஸ்வரிக்கும் அது சரியென்றே பட்டது.

அன்று மத்தியானம் சரியான வெக்கை. கடலாமைகளைப் பற்றிய கட்டுரை முடிகிற பாடாயில்லை. இவருக்கு என்ன விளங்கவா போகிறது என்று நினைத்து, கோணேஸ்வரி ஒரு பக்கத்தை வாசிக்காமலே புரட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்கினாள். கதிரவேலின் இடது கை வந்து சஞ்சிகையின் மேல் விழுந்தது.

"இஞ்..." என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "இஞ்சாரும்."

அவர் தடுமாறித் தடுமாறிப் பக்கத்தைத் திருப்பி, அவள் வாசிக்காமல் விட்ட இடத்தில் விரலை வைத்தார்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். "அப்ப இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டோ இருந்தனீங்கள்?" என்றாள். பிறகுதான் அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரல் இருந்த இடத்திலிருந்து வாசித்தாள். "குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை நோக்கி..." என்று நிறுத்தினாள். "நகரும்" என்று வழமைபோல அவளே சொன்னாள். விட்ட பக்கம் முழுவதையும் வாசித்து முடித்தாள்.

அடுத்த கிளினிக்கில் அப்ரா கேட்டாள், "ஏதாவது சொல்லு வந்ததாம்மா?"

"ஓம் பிள்ளை. என்ட பேரைச் சொன்னவர்."

அப்ராவின் முகம் மலர்ந்தது. "கோணேஸ்வரி எண்டா சொன்னார்?"

"இல்லப் பிள்ளை," என்றாள் கோணேஸ்வரி. "அது அடையாள அட்டையில இருக்கிற பேர்."