லைட் அடித்தால் ‘வா’

ஊட்டியில் மதியம் இரண்டு மணிக்கு நானும் என் வீட்டுக்காரி சரசுவும் காரில் கிளம்பினோம். கோத்தகிரி முப்பது கிலோமீட்டர். மலைக்கு ஒரு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று மருமகன் சொல்லித்தான் அனுப்பினார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரியில் கிளீனராக ஏறி, இன்று பல்லடத்தில் ஒன்பது லாரிக்கு முதலாளியாக இருப்பவன் நான். எனக்கு இன்னொருவன் வண்டி ஓட்டுவதா? காரும் பதினெட்டு லட்சம், வாங்கி நான்கு மாதம்.

தொட்டபெட்டா தாண்டியதும் கேரட் காடு, பிறகு கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. வழியில் கேரட் கட்டு முப்பது ரூபாய் சொன்னார்கள். சரசு பேசி இரண்டு கட்டை ஐம்பதுக்கு முடித்தாள்.

கட்டபெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குறுகலான வளைவு. நான் இறங்குகிறேன், கீழிருந்து ஒரு பிக்கப் ஏறி வருகிறது. நான் வருகிறேன், நில் என்று லைட் அடித்தேன். எங்கள் ஊரில் நான் லைட் அடித்தால் டிப்பர் லாரியே ஒதுங்கும். இவன் நேராக வந்தான். இரண்டு பேரும் பிரேக் மிதித்தும் வண்டிகள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டன. என் பம்பர் பிளந்தது. அவன் ரேடியேட்டர் உடைந்து ரோட்டில் தண்ணீர் ஓடியது.

இறங்கி வந்தவர் பெயர் செல்வராஜ். சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பமாம். லைட் அடித்தும் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

“நீங்கதானே ஐயா லைட் அடிச்சு வரச் சொன்னீங்க?”

நன்றாகச் சமாளிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு மருமகனுக்குப் போன் போட்டேன். வண்டியை நகர்த்த வேண்டாம், போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸ் சர்வேயர் காலையில் வருவார் என்றார். செல்வராஜ் முகம் வெளுத்துவிட்டது. பிக்கப்பில் ஆறு மூட்டை தேயிலைக் கொழுந்து இருந்தது. அவர் மனைவியும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் காலையிலிருந்து பறித்தது.

“மூட்டைக்குள்ள சூடேறிட்டா கொழுந்து சிவந்துடும் ஐயா. ஃபேக்டரியில திருப்பிடுவாங்க. நாலு ஊட்டுக் கூலி.”

சரக்கு கெடுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வண்டி காத்திருக்கும், சரக்கு காத்திருக்காது. பிக்கப்பைத் தள்ளி ஓரங்கட்டினோம். காரின் பின் சீட்டை மடக்கி நானே மூட்டை ஏற்றினேன். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஏற்றுபவனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆறாவது மூட்டைக்கு இடமில்லாமல் அதைச் சரசுவின் மடியில் சாய்த்தோம். செல்வராஜ் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டார்.

“ஏனுங்க, பதினெட்டு லட்சத்துக்கு லோடு வண்டியா வாங்குனீங்க?” என்றாள் சரசு.

ஃபேக்டரி வந்த வழியே நான்கு கிலோமீட்டர் மேலே. பாதி ஏறியிருப்போம், எதிரே ஒரு பஸ் இறங்கி வந்து லைட் அடித்தது. பழக்கத்தில் நின்றுவிட்டேன். பஸ்ஸும் நின்றது. மறுபடி லைட் அடித்தது.

“போங்க ஐயா, உங்களைத்தான் கூப்புடுறான்” என்றார் செல்வராஜ் பின்னாலிருந்து. “மலையில ஏறுற வண்டிதானே முதல்ல போகணும்.”

நான் போனேன். பஸ் டிரைவர் கையைத் தூக்கினார். சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஃபேக்டரியில் ஒருவர் ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்த்தார். ஆறையும் எடைக்கு அனுப்பினார்.

அதன் பிறகு பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கிளெய்ம் வேண்டாம், ரேடியேட்டர் என் செலவு, என் பம்பரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவரவர் வண்டியை அவரவர் பார்ப்போம் என்றார் செல்வராஜ்.

“வரச் சொன்னது நான்தானப்பா” என்றேன்.

கட்டபெட்டு மெக்கானிக் கேட்ட நாலாயிரத்து ஐந்நூறைக் கொடுத்துவிட்டு, கோத்தகிரி வழியாக இறங்கினோம். கிளெய்மை விட்டதில் மருமகனுக்கு இன்னும் கோபம்.

மேட்டுப்பாளையம் வந்ததும் சமதரை, வெக்கை. எதிரே ஒரு லாரி லைட் அடித்தது. கூப்பிடுகிறானா, நிற்கச் சொல்கிறானா? ஒரு கணம் எனக்கே விளங்காமல் நின்றேன்.

சரசு சேலையில் ஒட்டியிருந்த கொழுந்தைத் தட்டிவிட்டாள்.

“மலை எறங்கியாச்சுங்க” என்றாள்.