சித்தப்பாவின் கழுத்தும் சின்னம்மாவின் மருந்தும்

சித்தப்பாவின் கையிலிருந்து கோப்பிக் குவளை விழுந்த காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். மலேசியாவில் ஈஜோக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம், தொழிலாளர் லயத்து வீட்டின் குறுகலான சமையலறை. அங்கே போயிருந்த நான், பிடித்திருந்த விரல்கள் தாமாகவே திறந்துகொண்டதை என் கண்ணால் பார்த்தேன். குவளை தரையில் சிதறிய அடுத்த நொடி, சின்னம்மாவின் கன்னத்தில் அறை விழுந்தது. "பிடியில எண்ணெயத் தடவி வச்சியாடி?" என்று கத்தினார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்த வீட்டில் சித்தப்பா உடைத்தாலும் பொன்குடம்தான், பழி மட்டும் சின்னம்மாவுக்கு. என் அம்மாவின் தங்கை அவர். குனிந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினார்.

வயதுக்கு மரியாதை கொடுத்துச் சித்தப்பாவை 'அவர்' என்று எழுதுகிறேன். மனசு வேறு மாதிரிதான் சொல்கிறது.

அவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து தலையை அண்ணாந்தபடியே மரம் மரமாகப் போவார். மட்டையை அறுத்து, குலையை இழுத்துத் தள்ள வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக அதே வேலை. கழுத்துவலி என்பார், சின்னம்மா தைலம் தேய்ப்பார். பிறகு வலி தோளுக்கு இறங்கியது, அங்கிருந்து முழங்கைக்கு, கடைசியில் விரல் நுனிக்கு. விரல்கள் மரத்துப் போயின. அவர் அதற்கு முன்பும் அடிக்கிறவர்தான். கை மரக்கத் தொடங்கியதும் அந்த அடிக்கு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது.

புருஷனை அடக்கி வைக்க மனைவி சோற்றில் எதையாவது கலந்து கொடுத்துவிடுவாள், எங்கள் பக்கத்தில் அதற்கு மருந்து வைப்பது என்று பெயர். கள்ளுக் கூட்டாளி எவனோ அந்தப் பேச்சை அவர் காதில் போட்டுவிட்டான். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது. சுங்கை பெசார் பக்கம் ஒரு பூசாரியிடம் போனார். அந்த ஆள் ஏதோ சாற்றைக் குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்து, கறுப்பாக ஓர் உருண்டையைக் காட்டினானாம். "பொம்பள கையால வச்சதுப்பா" என்றானாம். அன்று மாலை சின்னம்மாவின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினார். புருவம் கிழிந்தது. கம்பின் அடிப்பக்கத்தால் அடித்ததில் சின்னம்மாவின் விரல் ஒன்று ஒடிந்தது. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் நான் அங்கே போய்க் கேட்டபோது, "அது அவங்க வீட்டு விஷயம்லா" என்றார் அந்த வீட்டு அக்கா. எனக்கு அந்த அக்காவையும் ஓர் அறை விடலாம் போலிருந்தது.

இரண்டு மாதம் போனது, அடி நிற்கவில்லை. "அவள உசுரோட கூட்டிட்டு வந்துரு" என்று அம்மா என்னை அனுப்பினார். சின்னம்மா தயங்கித் தயங்கித்தான் துணிகளைப் பையில் வைத்தார். வேலைக்குப் போயிருந்த சித்தப்பா பாதியில் திரும்பி வந்துவிட்டார், குலை வெட்டக் கை நிற்கவில்லை என்று. பையைப் பார்த்தார். "மருந்த வச்சி என்னைய முடமாக்கிட்டு ஓடப் பாக்குறியா?" கதவோரத்தில் கிடந்த பாராங் கத்தியை எடுத்தார். நாங்கள் இருவரும் பின்வாசல் வழியாக ஓடினோம். துரத்தி வந்தவரின் கால்கள் குடிக்காத நேரத்திலேயே பின்னின. கத்தியை ஓங்கினார். கை பாதியில் திறந்துகொண்டது, கத்தி அவர் பாதத்தின் மேலேயே விழுந்து அதைப் பிளந்தது. தடுமாறிக் கால்வாயில் தலைகுப்புற விழுந்தார். தண்ணீரில் ரத்தம் கலந்தது. மூக்கு வரை சேற்றில் கிடந்தவரால் கையை ஊன்றி எழ முடியவில்லை.

சாகட்டும் என்று நான் நின்றேன். இறங்கி அவர் முகத்தைத் தூக்கிப் பிடித்தது சின்னம்மாதான்.

தோட்டத்துக் கண்காணியான மண்டோர் லோரியைக் கொண்டுவந்தார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பாதத்தில் தையல் போட்டார்கள், கழுத்தைப் படம் எடுத்தார்கள். மறுநாள் ஒரு தமிழ் லேடி டாக்டர் படுக்கையருகே வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். "கழுத்திலேருந்து கைக்கு மின்சாரம் மாதிரி வலி இறங்குமா?" ஆமாம் என்றார் சித்தப்பா. அந்த வலிக்கு அவர் அடித்தது சின்னம்மாவின் தோளில் பெல்ட் தழும்பாக நின்றது. "கையில பிடிச்ச சாமான் தானா விழுமா?" ஆமாம். அது கன்னம். "சட்டைப் பட்டன் போட முடியுதா?" முடியவில்லை. அவசரத்தில் பட்டனைப் பிய்த்துவிட்டு, தைத்தது சரியில்லை என்று எட்டி உதைத்தது இடுப்பில். "நடக்கும்போது கால் பின்னுதா?" அவர் தலையாட்டத் தலையாட்ட, என் கண் சின்னம்மாவின் உடம்பில் ஒவ்வோர் இடமாகப் போய் வந்தது. டாக்டருக்கு அவருடைய வாய் சொன்ன நோயை நான் சின்னம்மாவின் தோலில் படித்துக்கொண்டிருந்தேன்.

"கழுத்தெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒன்னு இருக்கு, டிஸ்க்னு சொல்வோம். உங்களுக்கு அது பிதுங்கி நரம்ப அமுக்குது, தண்டுவடத்தையும் அமுக்குது. வெறும் கழுத்துவலின்னா பல பேருக்குத் தானா சரியாயிடும். கை மரத்து, பிடி விட்டு, நடை மாறினா உடனே வந்திருக்கணும். ஆபரேஷன் செய்யணும்" என்றார் டாக்டர்.

"அப்ப மருந்து வைக்கலியா?" சித்தப்பா கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. சின்னம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கைக்குப் பழைய பலம் வந்துருமா டாக்டர்?"

நல்ல மனைவியின் கவலை என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். சின்னம்மாவின் தோளைத் தொட்டுச் சிரித்தார். "பயப்படாதீங்கம்மா. ஆபரேஷன் முடிஞ்சு பயிற்சி செஞ்சா, நிறையவே திரும்ப வரும்."

சின்னம்மா தலையசைத்துவிட்டு வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒடிந்து கோணலாகச் சேர்ந்த விரல் என் தோலில் அழுந்தியது.

"பலம் வந்துருமாம்" என்றார். "அது வர்றதுக்குள்ள எனக்கு ராவாங்குல ஒரு வேல பாத்துக் குடு."

பார்த்துக் கொடுத்தேன். சின்னம்மா இப்போது ராவாங் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார், வாடகை அறை, சொந்தச் சாவி. சித்தப்பா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார், மருந்து வைத்தவள் ஓடிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு. ஆபரேஷன் செய்து அவர் கை நன்றாக ஆகிவிட்டதாம். ஓங்கினால் நிற்கிறதாம்.