மத்தூரில் முளைத்த மலை

"படம் கிளியரா இருக்குங்க அண்ணா, வேலையைப் பாருங்க" என்று ஒருவரிடம் போனில் சொன்னேன். பத்து நிமிடத்தில் அதே ஆளை நானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மைசூர் விஜயநகரில் எங்கள் அலுவலகம். ஊருக்கு வெளியே ஒரு தனியார் ரேடார் இருக்கிறது. அதிலிருந்து வரும் காற்றின் வேக டேட்டாவை, மேப்பில் சரியான இடத்தில் உட்காரும் படமாக மாற்றுவது என் வேலை. ரேடாரை நோக்கி வரும் காற்று பச்சை, விலகிப் போவது சிவப்பு. மலை அசையாது, அதனால் சாம்பல். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மின்கோபுரம் கட்டுகிறவர்கள் ஆட்களை மேலே ஏற்றுவார்கள்.

அன்று மதியம் மூன்று மணி. தெற்கே கௌதள்ளிக்குப் பக்கத்தில் கோபுர வேலை பார்க்கும் சூப்பர்வைசர் பொன்னுசாமி கூப்பிட்டார்.

"மேடம், இங்க இருட்டிக்கிட்டு வருதுங்க. உங்க படத்துல ஒண்ணுமே காணோமுங்களே. அஞ்சு பேரு மேல இருக்காங்க. இறக்கிடட்டுங்களா?"

திரையைப் பார்த்தேன். புயல் மாதிரி அடர்ந்த பச்சை வடக்கே கனகபுரா பக்கம் இருந்தது. கௌதள்ளியில் ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

போனை வைத்த பிறகும் அவர் குரல் உறுத்தியது. படத்தைப் பெரிதாக்கினேன். மத்தூருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. மத்தூரில் கரும்பும் நெல்லும்தான் உண்டு, மலை ஏது? அது தெற்கே இருக்கும் பிளிகிரிரங்கன் மலை. படத்தில் வடக்கே நின்றது.

பக்கத்து சீட்டில் இருந்த மேனேஜர் லதா எட்டிப் பார்த்தார். "அய்யோ தேவ்ரே, கடவுளே! ஸ்டெல்லா, படம் தலைகீழா இருக்கு!"

ரேடார் டேட்டாவில் முதல் வரிசை தெற்கு. படக் கோப்பில் முதல் வரிசை வடக்கு. அதைப் புரட்டிப்போட ஒரு வரி கோட் இருந்தது. மென்பொருளின் புது வெர்ஷன் தானே புரட்டிக்கொள்ளும் என்று நம்பி, முந்தைய நாள் நான்தான் அதை நீக்கினேன். அன்றே சோதித்தபோது நாலாபக்கமும் மழை, மலைகளை நான் கவனிக்கவில்லை. தலைகீழானது தெரியவே இல்லை. கனகபுராவில் நான் பார்த்த காற்று கௌதள்ளியின் காற்று.

பொன்னுசாமியைக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை. மறுபடியும் இல்லை. நாலாவது முறை எடுத்தார்.

"அண்ணா, படம் தப்பு! எல்லாரையும் இறக்குங்க, இப்பவே!"

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "டேய், இறங்குங்கடா!" என்ற சத்தம் கேட்டது. லைன் அறுந்தது.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். நாலு பேர் இறங்கிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் சுரேஷ் பாதியில் வரும்போது காற்று அடித்ததில் பாதுகாப்பு பெல்ட்டில் தொங்கினான். தோள்பட்டை விலகிவிட்டது. உயிர் இருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த சுரேஷிடம், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"மேல தொங்குறப்ப, மேடம், கண்ணைத் தொறக்கவே இல்ல" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த வாரமே ஒரு சோதனை சேர்த்தோம். தெரிந்த மூன்று மலைகள் தத்தம் இடத்தில் இல்லையென்றால் படம் வெளியே போகாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன். அதோடு இன்னொன்றும் சொல்கிறேன்: களத்தில் நிற்பவர் வானம் கறுக்கிறது என்றால், முதலில் உங்கள் படத்தைச் சந்தேகப்படுங்கள்.

சுரேஷ் நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான். பொன்னுசாமி இப்போதும் ஆட்களை ஏற்றும் முன் போன் செய்கிறார்.

"படத்த நீங்க பாத்தீங்களா மேடம், இல்ல மெஷின் மட்டும் பாத்துச்சுங்களா?"

நான் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.