தொளதொளத்த கல்யாணப் பிளவுஸ்

பிளவுஸ் தைக்கிறவளிடம் பொய் சொல்ல முடியாது, டேப் காட்டிக் கொடுத்துவிடும். அளவெடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை ஒளிக்காத பெண் ஈப்போவில் இல்லை. நீங்களும் ஒளித்திருப்பீர்கள், நானும்தான்.

உள்தையல்

கல்யாணப் பிளவுஸ் என்றால் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன். விருந்துச் சாப்பாட்டில் பெண் சதை போட்டுவிடுவாள், பிரித்துவிட வேண்டி வரும். கோப்பெங்கிலிருந்து வந்த ஷாலினிக்கும் அப்படித்தான் தைத்தேன். மூன்று வாரத்தில் போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று தொங்கியது. பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த மூன்று வாரத்தில் மறுபடியும் தொளதொள. எனக்குப் பகீரென்றது. அவள் அம்மாவுக்கோ வாயெல்லாம் பல்.

"ஜிம்முக்குக்கூட போகல அக்கா, தானா மெலிஞ்சிட்டா லா!"

விரதம்

அன்றைக்கே ஷாலினியிடம் முறுக்கு டின்னை நீட்டினேன். முதல் நாள் ரெண்டு முறுக்கு தின்றவள்தான், இப்போது வெள்ளி விரதம் என்றாள். போன தடவை வந்தது செவ்வாய், அன்றும் விரதம். சனி, திங்கள்கூட விடுவதில்லை என்று அம்மா பெருமையோடு சொன்னார். சாமி காரியம், யார் என்ன கேட்க முடியும்? கூட வந்திருந்த அவள் அண்ணன் டின்னைப் பாதி காலி செய்திருந்தான். தொப்பை அவன் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிடும்போல் இருந்தது. நீயும் தங்கச்சியோடு ஒருநாள் விரதம் இருக்கலாமே என்று அவனைக் கிண்டலாகக் கேட்டேன். அம்மா சிரித்தார்.

"ஆம்பளப் பையன் அக்கா, பசி தாங்க மாட்டான் லா."

இன்னும் அரை அங்குலம்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஷாலினி தனியாக வந்தாள். இன்னும் அரை அங்குலம் பிடிக்கச் சொன்னாள். முதுகெலும்பை எண்ணிவிடலாம், கை சில்லிட்டிருந்தது. நான் குண்டூசி குத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி முன்னால் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மைலோ கலக்கிக் கொடுத்தேன். வாங்கினாள், குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள். அவள் அம்மாவைக் கூப்பிட போனை எடுத்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பாவி என்ன சொல்லி உன்னை இப்படிப் பட்டினி போட்டது என்று கத்திவிட்டேன்.

"நீங்கதான் ஆண்ட்டி. மொத நாளு அளவெடுக்கறப்போ, கல்யாணப் பொண்ணுக்குக் கை இவ்ளோ தடியா இருந்தா போட்டோவுல நல்லா இருக்காதுன்னு சொன்னீங்க."

வருகிற பெண்களிடமெல்லாம் சொல்வதுதான், அவளிடம் சொன்னது எனக்கு நினைவுகூட இல்லை. என் பங்கையும் சேர்த்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அன்றே கிளினிக்குக்கு அனுப்பிவைத்தேன். இப்போதெல்லாம் நாலு குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டுதான் அளவெடுக்கிறேன்.