பக்கீர் இறக்கிய அளவு நாடா

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை அளப்பதுதான் கிண்ணியாப் பக்கீரின் வேலை. தாங்கியின் கூரையில் ஏறி, குண்டு கட்டிய உருக்கு நாடாவை மூன்று தரம் இறக்கி, எண்ணெயின் ஆழத்தைக் கூவுவார். மூன்று அளவும் ஒத்துவந்தால்தான் கீழே நின்று பதிவேட்டில் எழுதும் எனக்கு வேலை சுலபம்.

சில நாட்களில் ஒத்துவராது. காற்று இராது, இலை அசையாது, எண்ணெய் மட்டும் உள்ளே மெல்ல ஏறி இறங்கும். எங்கோ நடுக்கடலில் புயல் அடித்தால் அலை கடலடியை உதைக்கிறது, அந்த அதிர்வு தரைக்குள்ளால் வந்து தாங்கியை ஆட்டுகிறது என்பார் பக்கீர். பதினெட்டு வருடம் நாடா பிடித்தவர், நான் நம்பினேன்.

அறுபத்திரண்டில் ஒருமுறை புயல் வருகிறதென்று ஊருக்கும் சொன்னார். தோணிகள் மூன்று நாள் கரையில் கிடந்தன. புயலோ வேறு கரைக்குப் போய்விட்டது. தேத்தண்ணிக் கடையில் அவருடைய மருமகன் ஜவாஹிரே அவருக்கு ‘நாடாச் சாத்திரி’ என்று பட்டம் வைத்தான். ஊர் சிரித்தது. பக்கீர் வீம்பு பிடித்த மனிதர், மறக்கவில்லை.

அறுபத்துநாலு மார்கழியில் மூன்று அளவும் மூன்று விதமாக வந்தன. அவ்வளவு வித்தியாசத்தை நான் கண்டதேயில்லை. அன்று பின்னேரம் மீன் வாங்க அவருடன் கிண்ணியாக் கரைக்குப் போனேன். ஜவாஹிர் தோணியில் வலை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“மாமா, இண்டைக்கு உங்கட நாடா என்ன சொல்லுது?”

கூட்டாளிகள் சிரித்தார்கள்.

“ஒண்டும் சொல்லல்ல மகன். போயிற்று வாங்க.”

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன்.

“கொஞ்சம் நனைஞ்சு, பயந்து வரட்டும்,” என்றார் மெதுவாக.

மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் நமக்கென்ன என்று நானும் பேசாமல் நின்றேன். நாசமாய்ப்போன வாய் அன்று திறக்கவில்லை.

அடுத்த நாள் புயல் ஊரையே பிய்த்துப்போட்டது. ஜவாஹிரின் தோணியில் ஒரு பலகைகூடக் கரை சேரவில்லை.

ஜவாஹிருக்காக ஓதிய நாற்பதாம் நாள் கத்தத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள்: “பக்கீர் நானாக்கு முதலே தெரியல்லியா?”

உள்ளறையிலிருந்து அவர் மகள், ஜவாஹிரின் மனைவி ஸல்ஹா சீறினாள். “வாப்பாக்குத் தெரிஞ்சிருந்தா காலப் புடிச்செண்டாலும் அவர நிப்பாட்டியிருப்பாரு!” பிறகு குரல் தணிந்தது. “நீங்க சாப்பிடுங்க வாப்பா. நீங்க என்ன செய்வீங்க?”

பக்கீர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

அதற்குப் பிறகும் பத்து வருடம் நாடா இறக்கினார். காற்றோ மழையோ, மேலேயிருந்து ஒரே அளவைத்தான் மூன்று தரமும் கூவுவார். நானும் எழுதிக்கொள்வேன்.