ஸ்டெல்லாவின் காரில் ஒட்டிய பொட்டு

ஸ்டெல்லா போய்விட்டாள். போன வாரம்கூட ஆஸ்பத்திரியிலிருந்து போனில் என்னைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தாள்...

தெரியாதவர்களுக்கு: எலெக்ட்ரானிக் சிட்டியில் என் முதல் வேலையில் பக்கத்து சீட். கேஜிஎஃப் தங்கவயல் பெண், வீடு லிங்கராஜபுரம். கம்பெனி கேப் பக்கமே போகமாட்டாள். அறுபதுகளில் அவள் அப்பா வாங்கிய காரைத்தான் ஓட்டிக்கொண்டு வருவாள்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். பால் குளிரூட்டும் ஆலை ஒன்றுக்கு நாங்கள் நாலு பேர் கம்ப்யூட்டர் டேஷ்போர்டு செய்துகொண்டிருந்தோம். எந்தத் தொட்டியில் எவ்வளவு குளிர்ச்சி, எந்த மோட்டார் ஓடுகிறது... எல்லாம் ஒரே ஸ்கிரீனில், திருவிழா சீரியல் லைட் மாதிரி. கலர் எல்லாம் என் கைவண்ணம். ஏகப்பட்ட பெருமை வேறு.

ஆலைக்காரர்கள் பார்த்துவிட்டு, இதில் எதைப் பார்ப்பது என்று கேட்டார்கள். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் எங்கள் டீமே காலி.

மறுநாள் காலை நாலு பேரும் அவள் காரில் வந்துகொண்டிருந்தோம். ஒரு சிக்னலில் துப்பட்டாவை எடுத்துக் காரின் டேஷ்போர்டை மூடினாள். "பாக்காம சொல்லுங்க... உள்ள என்ன காட்டுது?"

மூன்றே முள்தான். வேகம் பூஜ்யம், இன்ஜின் சூடு நடுவில், பெட்ரோல் அடிமட்டம்... பின்சீட்டில் இருந்தவர்கள்கூடச் சரியாகச் சொன்னார்கள். நம்ம ஸ்கிரீனும் இப்படி இருந்தால் போதுமே என்று ஒரே குஷி.

பொம்மனஹள்ளி தாண்டி வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை.

அடிமட்டம் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோமே... ஒருத்தருக்காவது பங்கில் நிறுத்தத் தோன்றியதா? ஐடி கார்டு தொங்கத் தொங்கத் தள்ளினோம். சிரிப்பில் பாதி நேரம் தள்ளவே முடியவில்லை.

பங்க் வந்ததும் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "வசந்தி, உன் பேக்ல ஸ்டிக்கர் பொட்டு இருக்குமே. பெருசா ஒண்ணு குடு."

பொட்டே வைக்காத ஸ்டெல்லா! வாங்கி, பெட்ரோல் முள் காலியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடிமேல் ஒட்டினாள்.

"முள்ளு பாக்கறதுக்கு. பொட்டு, எழுந்து போய் ஏதாவது செய்யறதுக்கு."

அந்த வாரம் ஸ்கிரீனில் முக்கால்வாசியை அழித்தோம். என் சீரியல் லைட்டும் போனது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொட்டிக்கு ஒரு முள். யாராவது எழுந்து ஓட வேண்டுமென்றால் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு.

ஆலைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு அவர்களே போன் செய்து "மேடம், மூணாவது தொட்டிக்குப் பொட்டு வந்துடுச்சு" என்பார்கள். டீமும் பிழைத்தது.

இன்று காலை அவள் தம்பி வந்து, அக்காவோட காரும் சர்ச்சுக்கு வரணும், நீங்களே ஓட்டுங்க என்று சாவியைக் கொடுத்தான்.

உட்கார்ந்து பார்த்தால்... பொட்டு அங்கேயே இருக்கிறது. பழசு உதிர உதிரப் புதுசு ஒட்டியிருப்பாள் போல, பளிச்சென்று.

முள் அதற்குக் கீழே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே பங்குக்குத்தான் போனேன்.

டேங்க் ஃபுல், ஸ்டெல்லா. நீ கிளம்பு.