மூன்றாவது சாட்சி

துக்கத்தில் புத்தி பேதலித்தவள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

என் மகள் யாக்கோமினா பிள்ளை பெற்ற ஆறாம் நாள் இறந்தாள். வயது இருபத்திரண்டு. பேத்திக்கு அவள் பெயரையே வைப்பது எங்கள் ஸேலாந்து மாகாணத்து வழக்கம். நாத்தனார் பிளோனா தடுத்தாள்.

"வேண்டாம் அண்ணி. அது ஆளத் தின்கிற பேரு. உங்க வம்சத்து மொத யாக்கோமினாவும் இப்பிடித்தான் போனாளாம்."

"பாத்துட்டு வர்றேன்" என்றேன்.

வியாழக்கிழமை தேவாலயத்தின் பின்னறையில் பழைய பதிவேடுகளை மேசைமேல் வைத்தார் தேவாலயப் பணியாளர் மரினுஸ்.

"செத்தவங்களத் தேடுறீங்க. உயிரோட இருக்கிறவன் குளிர்ல சாகுறேன். காப்பி கொண்டாரேன் இருங்க."

1731, முதல் யாக்கோமினாவின் ஞானஸ்நானம். 1752, திருமணம். எழுதத் தெரியாதவள், கையெழுத்துக்குப் பதில் பாதிச் சக்கரம், மூன்று ஆரக்கால். 1753, அவள் மகனின் ஞானஸ்நானம். 'தாய் இறந்துவிட்டாள். சாட்சி எவருமில்லை.'

வயது இருபத்திரண்டு.

மணி 4.10. பக்கத்தைத் திருப்பினேன். சர்ர்... தானே திரும்பி வந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி வந்தது.

நனைந்த கம்பளி வாடை.

குளிரில் என் மூச்சு புகையாகப் போனது. மேசைக்கு எதிரே இன்னொரு மூச்சு...

நாற்காலி காலி.

4.13.

 நான் எழுந்திருக்கவில்லை.

"பேரத் திருப்பிக் கேக்க வந்தியா? தர மாட்டேன். இது எம் பொண்ணோட பேரு. குழந்தையையும் தர மாட்டேன். தைரியமிருந்தா ஞாயித்துக்கிழமை வா. பட்டப்பகல்ல, எல்லார் முன்னாடியும் வந்து கேளு!"

எதிர் மூச்சு நின்றது.

ஞாயிறன்று அந்தப் பெயரையே வைத்தோம். குழந்தை அழவில்லை, என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்தது. நானும் பிளோனாவும் சாட்சிக் கையெழுத்திட்டோம். நீல மை. பதிவேட்டை மரினுஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

திங்கள் காலை 10.20. தொலைபேசியில் மரினுஸ்.

"ஏம்மா, சாட்சி ரெண்டு பேர்தானே?"

ஓடினேன். எங்கள் பெயர்களுக்குக் கீழே, பழுப்பு மையில்...

பாதிச் சக்கரம். மூன்று ஆரக்கால்.

"சுரண்டி எடுத்துரட்டுமா?"

"கை வைக்காதீங்க. கூப்பிட்டது நான்தான்."

ஒன்பது வருடமாயிற்று. பேத்தி யாக்கோமினா நன்றாக இருக்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளன்றும் போய்ப் பதிவேட்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அந்த மை இன்னும் காயவில்லை.